சாட்சி சொல்லப் போகும் அத்தையோடு கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். ஒரு வெட்டுக்குத்து வழக்கில் என் அத்தைக்கு சாட்சி சம்மன் வந்திருக்கிறது. ரொம்பப் பயப்படுகிறார். போகாமல் இருக்க வழி உண்டா? நான் கூடப் போனால் உள்ளே விடுவார்களா?

போகாமல் இருக்க வழி தேடாதீர்கள். சம்மனை வாங்கிக்கொண்டு போகாமல் இருந்தால் அடுத்து வாரண்ட் வரும், அதற்கும் போகவில்லை என்றால் பிடிவாரண்ட், வெட்டினவன் ஜாமீனில் டீக்கடையில் உட்கார்ந்திருக்க உங்கள் அத்தையைத் தேடி ஜீப் வரும். நீங்கள் கூடப் போகலாம். விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும், பின்னால் உட்காரலாம். நீங்களும் அதே வழக்கில் சாட்சி என்றால் மட்டும் உங்கள் முறை வரும்வரை வெளியே நிற்க வேண்டும். பாலியல் வழக்குகளை மூடிய அறையில் விசாரிப்பார்கள், அது வேறு. கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். மீதி என் பெரியம்மா கதை, அவசரம் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம்.

நான் வக்கீல் இல்லை. கமெண்டில் வந்து பிரிவு எண் கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள், எண்கள் எல்லாம் மாறிவிட்டன, நான் சொல்லும் விஷயங்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன.

எங்களுக்குக் கொடைக்கானல் மேல்மலை. 2016-ல் பூண்டுக் காட்டுக்குத் தண்ணீர் விடும் முறையில் தகராறு, ஒருவன் மண்வெட்டியால் இன்னொருவரின் தலையில் போட்டுவிட்டான். பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் என் பெரியம்மா. கொலை முயற்சி வழக்கு. சாட்சிப் பட்டியலில் ஊர்க்காரர்கள் நிறையப் பேர். 2019-ல் விசாரணைக்கு வந்தபோது ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, போலீஸில் அப்படிச் சொல்லவே இல்லை என்று பிறழ் சாட்சி ஆனார்கள். அவர்களைத் திட்ட மாட்டேன். ஒரே கோயில், ஒரே தண்ணீர், நாளைக்குக் கல்யாணத்தில் முகம் பார்க்க வேண்டும்.

பெரியம்மாவை யாரும் மிரட்டவில்லை. பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். "மதினி, உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. அன்னைக்கு மேகமா இருந்துச்சு, சரியா தெரியலைன்னு மட்டும் சொல்லிருங்க, போதும்." இது மிரட்டலை விட மோசம் என்பேன். மிரட்டினால் போலீஸுக்குப் போகலாம், பொய் சாட்சி சொல்லும்படி சாட்சியை மிரட்டுவதே ஏழு வருடம் வரை தண்டனை உள்ள தனிக் குற்றம். பழத்தோடு வருபவரை என்ன செய்வது?

ஆனால் உண்மையான கஷ்டம் பஸ்ஸில். கோர்ட் மலைக்குக் கீழே. பத்தரை மணிக்குள் அங்கே நிற்க வேண்டும் என்றால் முந்தின நாளே ஊரில் கிளம்பி, கொடைக்கானலில் பஸ் மாறி, வத்தலக்குண்டில் சொந்தக்காரர் வீட்டில் படுக்க வேண்டும். அதற்குத் தோதாக எங்கள் ஊருக்கு இருப்பது ஒரு பஸ். அதே வாய்தாவுக்கு எதிரியும், அதாவது மண்வெட்டியால் அடித்தவனும், அவன் அண்ணன் தம்பிகளும் போக வேண்டும், அவர்களுக்கும் அந்த ஒரு பஸ்தான். பெரியம்மா டிரைவருக்குப் பின் சீட்டில், அவர்கள் கடைசி வரிசையில். ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் தேவையில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வயதில் வாந்தி வேறு. நான் கூடப் போனது அதற்காகத்தான், கோர்ட்டில் என்னால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான்.

சாட்சியைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட போலீஸ் துணையும் அரசு வண்டியும் கேட்கலாம் என்று அப்போது எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்று, அதுவே நாடு முழுக்கச் சட்டம் என்று சொல்லிவிட்டது. மாவட்ட நீதிபதி தலைமையில் குழு. மனு கொடுத்தால் ஆபத்து எவ்வளவு என்று போலீஸிடம் அறிக்கை வாங்கி முடிவு செய்வார்கள். சின்ன அடிதடிக்கு இது கிடையாது, ஏழு வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை வரக்கூடிய வழக்குகளுக்கும், பெண்களுக்கு எதிரான சில குற்றங்களுக்கும்தான். உங்கள் அத்தை வழக்கு என்ன பிரிவு என்று சம்மனைப் பாருங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அடித்தாலும் வழி சொல்வார்கள்.

கோர்ட்டில் நாள் முழுக்கக் காத்திருப்பு. சாட்சிக்கு உட்கார இடம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, பியூன் பிடித்து வெளியே தள்ளுகிறார் என்று 2000-த்திலேயே ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வருத்தப்பட்டிருக்கிறது. நாங்கள் போனபோதும் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். உங்கள் நீலகிரியிலேயே பெண் வழக்கறிஞர்களுக்குக் கழிப்பறை இல்லை என்ற விவகாரம் 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போனதே, வக்கீலுக்கே அந்தக் கதி. மதியத்துக்கு மேல் "வாய்தா" என்றார்கள். சாட்சி வந்து நிற்கும்போது விசாரிக்காமல் தள்ளிவைத்தால் அதற்குத் தனிக் காரணம் எழுத வேண்டும் என்பது சட்டம். கேட்க ஆள் இருந்தால்தானே. வந்து போன செலவுக்குச் சாட்சிப் படி உண்டு, அரசு வக்கீலிடமோ பெஞ்ச் கிளார்க்கிடமோ வாய்விட்டுக் கேளுங்கள், தானாகக் கைக்கு வராது.

அன்றைக்குத் திரும்பும்போது இன்னொரு கொடுமை. தொடர் விடுமுறைக்கு முந்தின நாள், வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழே கார்கள் நகரவே இல்லை. இறங்கி செல்ஃபி எடுக்கிறார்கள். கடைசி பஸ் போய்விட்டது, இரவு குளிரில் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில். சுற்றுலா வண்டிகள் மலைக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது 2024 மே மாதம் வந்தது, வந்து என்ன, பாஸ் எடுத்துக்கொண்டு அதே கூட்டம் வருகிறது. எங்களுக்கு ஒரு பஸ் கூட்டி விட ஆள் இல்லை. சரி, இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை.

கடைசியில் கூண்டில் ஏற்றினார்கள். குறுக்கு விசாரணையில் எதிர்பார்த்த கேள்விதான்: மேகம் இறங்கியிருந்தது, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது, சரிதானே? பெரியம்மா சொன்னார்: "மேகம் காலையில இருந்துச்சு, அப்புறம் கலைஞ்சிருச்சு. கலையாட்டியும் அவன் குரல் எனக்குத் தெரியும், தொட்டில்ல கிடந்தப்ப இருந்து கேக்குறேன்." அதை டைப் செய்தபோது முதல் பாதி மட்டும்தான் ஏறியிருந்தது. வாசித்துக் காட்டியபோது பெரியம்மாவே "குரலைச் சொன்னேனே" என்று கேட்டு, சேர்த்த பிறகு கையெழுத்துப் போட்டார். சாட்சியத்தைச் சாட்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டும், தப்பு இருந்தால் சாட்சி சொல்லலாம். அத்தைக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள், பின்னால் உட்கார்ந்து தலையாட்டவும் செய்யாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தெரியாததற்குத் "தெரியாது", மறந்ததற்கு "ஞாபகம் இல்லை", போதும்.

அத்தையே அடிபட்டவர் என்றால் விஷயம் இன்னும் பெரிது, அரசு வக்கீலுக்கு உதவியாகத் தனி வக்கீல் வைக்கலாம், இழப்பீடும் கேட்கலாம். அதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள்.

எங்கள் வழக்கில் தீர்ப்பு என்ன என்று கேட்காதீர்கள். மேல்முறையீட்டில் இருக்கிறது, பெரியம்மா இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார், அதே பஸ்ஸில்தான் போய் வருகிறார்.