பயாப்சி ரிப்போர்ட் எங்கே சிக்கிக்கொள்கிறது?

மார்பகக் கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி பற்றி வந்த கேள்விகளில் பாதி "ஏன் இவ்வளவு நாள்?" என்றே இருந்தன. திசுவை ஆராய்ந்து நோயைச் சொல்லும் பெத்தாலஜி லேப்பில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று உறுதி செய்துவிட்டார்கள். அப்புறமும் "இன்னொரு டெஸ்ட் பாக்கி" என்று காக்க வைக்கிறார்களே, டாக்டர்? (செந்தூல் வாசகி)

அது அநேகமாக ஹெர்2 சோதனை, அதாவது புற்றுநோய் செல்களில் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று பார்ப்பது. எந்த மருந்து பலிக்கும் என்று தெரிய ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் செல்லில் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளோடு இதையும் பார்க்க வேண்டும். சாயம் ஏற்றிப் பார்க்கையில் 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ வந்தால்தான் இழுபறி. மரபணுவை எண்ணும் இன்னொரு சோதனை தேவைப்படும். எல்லா லேப்பிலும் அது கிடையாது. டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: 2+ தானா, பிளாக் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) எந்த லேப்புக்கு, எந்தத் தேதியில் போனது?

ஏழை நாடுகளில் இதற்கு மாதக்கணக்கில் ஆகிறதாமே. மெஷின் இல்லாததாலா? (பட்டர்வொர்த் வாசகர்)

மெஷினைவிட ஆள் பஞ்சம்தான் பெரிது. சஹாராவுக்குத் தெற்கே பல நாடுகளில் பத்து லட்சம் பேருக்கு ஒரு பெத்தாலஜிஸ்ட் கூட இல்லை. ருவாண்டாவின் புத்தாரோவில் 2012இல் புற்றுநோய் மையம் திறந்தபோது, திசு மாதிரிகளை அமெரிக்காவின் பாஸ்டனுக்கு அனுப்பித்தான் முடிவு வாங்கினார்கள். சாயச் சோதனைக்கான ஆன்டிபாடிகள் இறக்குமதிச் சரக்கு. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், விலையும் அதிகம். அதனால் பல கேஸ்கள் சேரும்வரை காத்திருந்து ஒன்றாகப் போடுவார்கள். நோயாளியே காசு கட்ட வேண்டிய ஊரில், காசு புரளும்வரை பிளாக் அலமாரியில் கிடக்கும்.

இதெல்லாம் சரி, பணமும் ஆளும் வந்தால்தான் தீரும். எனக்கு எரிச்சலூட்டுவது லேப்புக்கு வருவதற்கு முன்பே நடக்கும் கெடுதல். எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில், அதாவது திசு கெடாமல் காக்கும் திரவத்தில், விழ வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். அகற்றிய மார்பகத்தைக் கீறாமல் முழுசாகச் சின்ன டப்பாவில் அமுக்கி அனுப்பினால் நடுப்பகுதி கெட்டுவிடும். பிறகு ஏற்பி இருந்தும் "இல்லை" என்று முடிவு வரலாம். ஏற்பி இருப்பவர்களுக்குக் கொடுக்கும் மருந்தான டமாக்சிஃபென் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போகும். இத்தனைக்கும் அது விலை குறைந்த மாத்திரை.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்த் திட்டத்தில், நோயாளி முதலில் வந்ததிலிருந்து 60 நாளுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்பது இலக்கு. சுலபமான இலக்கு மாதிரி தெரியும். மேலே சொன்ன அலமாரியையும் டப்பாவையும் நினைத்தால் அப்படித் தோன்றாது.

ஊசி குத்தினால் புற்றுநோய் பரவுமா? (பிரிக்பீல்ட்ஸ்)

பரவாது. அந்தப் பயத்தில் ஒத்திப்போடுவதில்தான் ஆபத்து.

காசநோய்க்குப் பயன்படும் ஜீன்எக்ஸ்பர்ட் மெஷினிலேயே இதைப் பார்க்கலாமா? (மருத்துவ மாணவி, கோலாலம்பூர்)

பார்க்கலாம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 மூன்றையும் சில மணி நேரத்தில் அளக்கும் கேட்ரிட்ஜ் வந்திருக்கிறது. மெஷின் ஏற்கெனவே இருக்கும் மாவட்ட மருத்துவமனைகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் அந்தத் துண்டில் இருப்பது புற்றுநோய்தானா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அதை இது தீர்க்காது.

பினாங்கில் தனியார் மருத்துவமனையில் பயாப்சி எடுத்தோம். இனி அரசாங்க மருத்துவமனைக்கு மாறுகிறோம். மறுபடி குத்துவார்களா?

பெரும்பாலும் தேவைப்படாது. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கச் சில நாள் ஆகும் என்பதால், மாறுவது என்று முடிவானதுமே கேட்டுவிடுங்கள். பிளாக் பல வருஷம் கெடாது. ஆனால் வழியில் சாப்பிட நிறுத்தினால் காரின் டேஷ்போர்டில் விட்டுப் போகாதீர்கள், வெயிலில் மெழுகு இளகும்.