வாசகர் கேள்வி: தண்டச்சீட்டும் 14 நாளும்

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டியதாக மறித்து, லைசன்சை வாங்கிக்கொண்டு தண்டச்சீட்டுத் தந்தார்கள். 16 நாளாயிற்று, இன்னும் கட்டவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், பொத்துவில், இலங்கை

பதில்: 14 நாளுக்குள் கட்டியிருந்தால் சீட்டிலுள்ள தொகையோடு முடிந்திருக்கும். இனி இரட்டிப்பு. 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம்தான். பணத்தைத் தபாலகத்தில் கட்டுங்கள். பொலிஸ் நிலையத்தில் நீட்ட வேண்டாம். முத்திரை குத்திய பற்றுச்சீட்டைச் சீட்டு எழுதிய பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசன்ஸ் கிடைக்கும். பொத்துவில் பொலிஸில் கேட்டுப் பயனில்லை. இன்னொன்று: அந்தச் சீட்டு 14 நாளுக்குத்தான் தற்காலிக லைசன்ஸ். ஆகவே களுவாஞ்சிக்குடிக்குப் பஸ்ஸில் போங்கள். மோட்டார் சைக்கிளில் போனால் அடுத்த வழக்கு. வேகமாக ஓடவேயில்லை என்று வாதாடுவதானால் கட்டாமல் நீதவான் முன் சொல்லுங்கள்; கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.