மன்னிக்காவிட்டால் பாவமா?

"என்னை ஏமாற்றியவரை மன்னித்தே ஆக வேண்டும் என்று இஸ்லாம் சொல்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஈடு கேட்பது உங்கள் உரிமை. தீமைக்கு அதே அளவு தீமைதான் கூலி, ஆனால் மன்னித்துச் சமாதானம் செய்பவருக்குக் கூலி அல்லாஹ்விடம் என்கிறது குர்ஆன் (42:40). அளவு மீறுவதுதான் கூடாது.

மன்னிப்பதன் கனத்துக்கு நபிகளின் நெருங்கிய தோழர் அபூபக்ர் கதையைப் பாருங்கள். மிஸ்தஹ் என்ற ஏழை உறவினரை அவர்தான் ஆதரித்துவந்தார். அதே மிஸ்தஹ், அபூபக்ரின் மகளும் நபிகளின் மனைவியுமான ஆயிஷா மீதான அவதூறில் சேர்ந்துகொண்டார். இனி காசு தரமாட்டேன் என்று அபூபக்ர் சத்தியமே செய்துவிட்டார். எந்தத் தகப்பனுக்குத்தான் மனசு ஆறும்? அப்போதுதான் 24:22 வசனம் இறங்கியது: அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா? அவர் விரும்புகிறேன் என்று சொல்லி, உதவியை மறுபடி தொடங்கினார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மேலப்பாளையத்தில் என் பெரியவாப்பா ஹஜ்ஜுக்குக் கிளம்பும் முன் வீடு வீடாகப் போனார். பொதுச்சுவர் தகராறில் பத்து வருஷம் பேசாத பக்கத்து வீட்டு வாசலிலும் போய் நின்று, "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பேசியிருந்தா பொருந்திக்கிடுங்க" என்றார். மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதரிடமே தீர்க்க வேண்டும், பணமாக இருந்தால் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்கும் தவ்பா மட்டும் போதாது. (மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது என்று நபிமொழி இருக்கிறது. பத்து வருஷத்தை என்ன சொல்ல!)

பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து போட்டார்.