மண்டையோட்டுக் குவியலும் மறக்கப்பட்டவனும்

வணக்கம். ரஷ்ய ஓவியர் வசீலி வெரெஷாகினின் மண்டையோட்டுக் குவியல் ஓவியம், எங்கே போர் மூண்டாலும் வாட்ஸப்பில் வந்துவிடுகிறது. போரின் கொடுமையைச் சொன்ன யதார்த்த ஓவியங்களில் அதுவே உச்சம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

‘போரின் மகிமை’ (1871) பெரிய ஓவியம்தான். இறந்தகாலத்து, நிகழ்காலத்து, இனி வரப்போகும் மாபெரும் வெற்றியாளர்கள் அனைவருக்கும் என்று அதன் சட்டத்திலேயே சமர்ப்பணம் எழுதிவைத்தார். ஆனாலும் உச்சம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த மண்டையோடுகளுக்கு ஊர் இல்லை, படைப்பிரிவு இல்லை. மத்திய ஆசியாவைச் சூறையாடிய பழைய மன்னன் தைமூர் காலத்துக் கொடுமை என்று நினைத்துக்கொண்டு எந்தத் தளபதியும் அதன் முன்னால் நிம்மதியாக நிற்கலாம்.

தளபதிகளைச் சுட்டது வேறு படம். 1874இல் பீட்டர்ஸ்பர்க் கண்காட்சியில் வைத்த ‘மறக்கப்பட்டவன்’. சொந்தப் படை விட்டுவிட்டுப் போன ஒரு ரஷ்யச் சிப்பாயின் பிணம், சுற்றிலும் காகங்கள், அவ்வளவுதான். என் படை யாரையும் இப்படி விட்டு வந்ததில்லை என்று மத்திய ஆசியாவில் ரஷ்யா பிடித்த துருக்கெஸ்தானின் ஜெனரல் காஃப்மன் கொதித்தார். வெரெஷாகின் அதையும் இன்னும் இரண்டு படங்களையும் தன் கையாலேயே எரித்தார். நினைத்தாலே மனம் ஆறவில்லை.

அவர் தூர நின்று வேடிக்கை பார்த்தவர் அல்ல. 1868இல் சமர்கந்துக் கோட்டையைக் காக்கத் துப்பாக்கி ஏந்தி நின்று ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் பெற்றவர். 1877 ரஷ்ய-துருக்கிப் போரில் படுகாயம் அடைந்தார். தம்பி செர்கேய் அதே போரில், பல்கேரியாவின் பிளெவ்னாவில் மாண்டார்.

அந்தப் போருக்குப் பிறகு வரைந்த ‘ஷிப்கா-ஷெய்னோவோ’ (பல்கேரியப் போர்க்களத்தின் பெயர்) ஒரு வெற்றிக் காட்சி. ஜெனரல் ஸ்கோபெலெவ் வெள்ளைக் குதிரையில் பாய்ந்து வர, படை ஆரவாரம் செய்கிறது. ஆனால் அதெல்லாம் தூரத்தில், சிறிதாக. நம் காலடிக்கு அருகே பனியில் கிடப்பவர்கள் இறந்தவர்கள். யாரை முன்னால் வைப்பது என்பதிலேயே தன் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்.

என் கணக்கில் உச்சம் ‘தோற்றவர்கள்’. சாம்பல் வானத்தின் கீழே மஞ்சள் புல்வெளி. பாதிரியார் ஒருவர் இறந்தோருக்காகத் தூபம் காட்டுகிறார், கூடவே ஒரே ஒரு சிப்பாய். முதலில் புல்தான் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் புல்லுக்குள் உடல்கள் தெரியத் தொடங்கும்: உடை உருவப்பட்டு, மண்ணின் நிறமாகி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. ரத்தமே காட்டாமல் அத்தனை சாவையும் நம் கண்ணாலேயே தேடிக் கண்டுபிடிக்க வைக்கிறார். இது வாட்ஸப்பில் சுற்றாததற்கும் அதுதான் காரணம். சுமார் 3 மீட்டர் அகல ஓவியம். மாஸ்கோவின் திரெத்யாகோவ் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. கைபேசியில் வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள்.