வெட்டி முடித்து, பால் சொட்டும் அந்த நேரம்

"நீண்ட காலம் நிறைவாக வாழ்ந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்போது எதை நினைத்துச் சந்தோஷப்படுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரும் ஆகஸ்ட்டில் எனக்கு 77 முடிகிறது. மலேசியாவில், பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் டவுன் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மரம் வெட்டி (பட்டையைச் சீவிப் பால் இறக்குவதைத்தான் வெட்டு என்போம்), அங்கேயே கல்யாணம் கட்டி, நாலு பிள்ளைகளை வளர்த்து, இப்போது அதே டவுனின் ஓரத்தில் இருக்கிறேன்.

என்னைக் கேட்டால், மரம் வெட்டி முடித்த பிறகு பால் எடுக்கப் போகும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருப்போமே, அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

கித்தாவில் பால் நன்றாக ஓடுவது விடியற்காலையில்தான், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் நாலரைக்கு எழுந்து சோறு கட்டி, கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிந்ததும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கிவிடுவோம். ஒரு ஆளுக்கு 500 மரம் போல. முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டுவிட்டு, கத்தியை இடது மேலிருந்து வலது கீழாக இழுத்தால் பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழும், பின்னாலேயே பால் புள்ளி புள்ளியாகத் துளிர்க்கும், பிறகு எல்லாம் ஒன்று சேர்ந்து கோட்டோடு ஓடி, மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) சொட்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. 1970லிருந்து 23 வருடம் ஒரே மரங்களைத்தான் வெட்டினேன். எது பால் கொடுக்கும், எது மழை பெய்த மறுநாள் முரண்டு பிடிக்கும் என்று இருட்டிலேயே சொல்லிவிடுவேன்.

ஒன்பதரை போலக் கடைசி மரம் முடியும். பக்கத்து நிரையிலிருந்து என் வீட்டுக்காரர் வந்துவிடுவார். சோறும் நெத்திலிச் சம்பலும், போத்தலில் ஆறிப்போன கறுப்புக் கோப்பியும். எதிரே நூற்றுக்கணக்கான மங்குகளில் பால் சொட்டிக்கொண்டிருக்கும். பெரிய பையனைப் படிக்க வைப்பதா வேலைக்கு அனுப்புவதா, மகளுக்கு வந்த சம்பந்தம் சரிப்படுமா, எல்லாம் பேசி முடிவு செய்தது அங்கேதான். பேச ஒன்றுமில்லாத நாளும் நிறைய உண்டு, அப்போது கிழக்கே தித்திவங்சா மலையில் மேகம் கலைவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்தச் சோறு எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றால், அதற்கு அம்மா காரணம். 1948 ஜூன் 16ஆம் தேதி இங்கே சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டுக் கொன்றார்கள், அதோடு வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவித்தது. இரண்டு மாதம் கழித்து நான் பிறந்தேன். அப்புறம் நாங்கள் இருந்த லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது, கேட்டில் தடவிப் பார்ப்பார்கள். அம்மா வெறும் வயிற்றோடு வெட்டி, பால் எடுத்து, காண்டாவில் (தோளில் வைக்கும் காவடித் தடியில்) தூக்கி வந்து, மதியத்துக்கு மேல்தான் வீட்டில் சாப்பிடுவார். நான் முதன்முதலாகச் சோற்றுப் பொட்டலத்தோடு வேலைக்குக் கிளம்பிய அன்று அம்மா அதைத் திறந்து பார்த்து, இன்னொரு கரண்டி வைத்துக் கட்டினார்.

கஷ்டம் இல்லையா என்றால், இருந்தது. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் சம்பளம் இல்லை. நவம்பர் மாதங்களில் கடைக்காரர் கடன் நோட்டில் எங்கள் பக்கம் நீண்டுகொண்டே போகும். ஆனால் பிப்ரவரி வந்து மரங்கள் சிவந்து, மஞ்சளாகி, காற்று அடிக்கும்போது ஒரு மலைச்சரிவே உதிர்வதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், முழங்கால் வரை சருகு, அதில் பிள்ளைகள் புரண்டு கிடப்பார்கள். சில வாரத்தில் செம்பு நிறத்தில் தளிர் வரும். பிறகு காய் வெடிக்கும் காலத்தில் காடு முழுக்கப் படபடவென்று சத்தம். அந்தக் கொட்டையைச் சிமெண்டில் சூடு பறக்கத் தேய்த்துத் தம்பி கையில் வைத்து அவனை அலற வைப்பது என் நாலு பிள்ளைகளும் செய்த சேட்டை, நானும் செய்ததுதான்.

1993ல் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டார்கள். நான் அன்று வேலைக்குப் போகவில்லை.

அப்புறம் வீட்டுக்காரருக்கு 55 ஆனதும் இபிஎஃப் (சேமநிதி) பணத்தை எடுத்து இந்த வீட்டை வாங்கினோம், பின்னால் கொஞ்சம் நிலத்தோடு. ரம்புத்தான் ஒன்று, டுரியான் இரண்டு, வேலியோரம் முருங்கை. போன வருடம் பேத்தி எங்கள் இரண்டு பேரையும் கோலகங்சாருக்குக் கூட்டிப்போய் 1877ல் நட்ட கித்தா மரத்தைக் காட்டினாள். அன்று நட்ட ஒன்பதில் மிஞ்சியது அது ஒன்றுதானாம். வீட்டுக்காரர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதை வெட்டினவன் நல்ல கைக்காரன் இல்லை" என்றார். பேத்திக்குப் புரியவில்லை, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இப்போது டுரியான் காலம். இரவில் 'தொம்' என்று சத்தம் கேட்டால் அவர் டார்ச் லைட்டோடு எழுந்துவிடுவார், 82 வயதில் வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை, நானும் பின்னாலேயே போவேன். நேற்று மூன்று விழுந்தன. இரண்டை அங்கேயே படியில் உட்கார்ந்து இரண்டு பேருமாகத் தின்றோம். ஒன்றைக் காலையில் வரும் பெரியவனுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.