'ஸாரிப்பா' என்கிறான் சின்னவன்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 43. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபையில் பாடகர் குழுவில் இருக்கிறேன். என் பாவம் கோபம். ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து காலத்தில், ஒவ்வொரு வருடமும் இனி கத்தமாட்டேன் என்று பொருத்தனை செய்வேன், ஈஸ்டருக்குள் உடைந்துவிடும். இந்த வருடம் குருத்தோலை ஞாயிறன்று, வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்று மனைவியிடம் கத்திவிட்டுப் போய்த்தான் ஓசன்னா பாடினேன். உபவாசம் இருந்தேன், முழங்காலில் நின்று அழுதேன். மறுபடியும் அதே கோபம். வேலையில் எனக்குள்ள நெருக்கடி வீட்டில் யாருக்கும் புரிவதில்லை. குடியை விட்டேன், சிகரெட்டை விட்டேன் என்று மற்றவர்கள் சாட்சி சொல்கிறார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சின்னவனுக்குப் பதினொரு வயது. இப்போதெல்லாம் நான் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும், ஒன்றும் கேட்காமலே 'ஸாரிப்பா' என்கிறான். அதை விடுங்கள். தகுதியில்லாமல், அபாத்திரமாய் எடுக்கக் கூடாதென்று ஆறு மாதமாகச் சபையில் தரும் அப்பமும் ரசமுமான திருவிருந்தும் எடுப்பதில்லை. எவ்வளவு அழுதாலும் மாறவில்லை. தேவன் என்னைக் கைவிட்டுவிட்டாரா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

'அதை விடுங்கள்' என்று எழுதிவிட்டீர்கள். என்னால் விட முடியவில்லை. என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் ஒரு பிள்ளை தினமும் மன்னிப்புக் கேட்கிறான். பைக் சத்தம் கேட்டதுமே அவன் வயிறு கலங்கியிருக்கும்.

ஆண்டவரிடம் அத்தனை முறை அழுதிருக்கிறீர்கள். இவனிடம்? மனைவியிடம்? தேடிப் பார்த்தேன், கடிதத்தில் ஒரு வரி இல்லை. வேலையில் நெருக்கடி இருக்கும், சரி. ஆனால் அங்கே யாரிடமும் கத்தியதாக நீங்கள் எழுதவில்லையே. அடக்க உங்களுக்குத் தெரிகிறது. திருப்பிப் பேச முடியாதவர்களிடம் மட்டும் அடக்குவதில்லை. கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைவிட்டாரா என்று கேட்டீர்கள். வேதத்தில் ரோமர் நிருபம் ஏழாம் அதிகாரத்தில் 'நிர்ப்பந்தமான மனுஷன் நான்' என்று புலம்பும் பவுல், அடுத்த வசனத்திலேயே தேவனை ஸ்தோத்திரிக்கிறார். நடுவில் எதையும் ஜெயித்துவிட்டதாக எழுதவில்லை. மனம் ஒரு பக்கம், மாம்சம் ஒரு பக்கம் என்றுதான் அந்த வசனமே முடிகிறது. நீங்களோ ஜெயித்த பிறகுதான் ஸ்தோத்திரம், ஜெயித்த பிறகுதான் திருவிருந்து என்று காத்திருக்கிறீர்கள். தன்னைச் சோதித்தறிந்து அப்பத்தைப் புசிக்கத்தான் பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதியிருக்கிறார். தள்ளி நில் என்று அங்கே இல்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகி, திரும்பி வரச் சொன்னார் இயேசு. நீங்கள் பலிபீடத்தை விட்டு வந்தீர்கள், சகோதரனிடம் போகவில்லை. அந்தச் சகோதரன் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறான்.

இன்று ராத்திரியே அவன் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். 'அப்பா கத்தினது தப்பு' என்று மட்டும் சொல்லுங்கள். 'நீயும் கொஞ்சம்...' என்று இழுக்காதீர்கள். மனைவியிடமும் அப்படியே. மறுபடி கத்தினால் அன்றைக்கே மறுபடி கேளுங்கள். கை நீட்டியதும் உண்டென்றால், ஜெபத்தோடு நிறுத்தாமல் குடும்ப ஆலோசகர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள்.

அவன் உடனே நம்பமாட்டான். நாளைக்கும் 'ஸாரிப்பா' என்பான். 'நீ எதுக்குல ஸாரி சொல்லுத?' என்று மெதுவாகக் கேட்டு, அவன் பதில் சொல்லும்வரை பக்கத்திலேயே இருங்கள்.