பரண் மேல இருக்கறத என்ன பண்றது?

கேள்வி: பரண் பூரா மாமியார் சேத்து வச்ச பித்தளை அண்டா, மிக்ஸி அட்டைப்பெட்டி, ஐஸ்க்ரீம் டப்பா. எதை எடுத்தாலும் "இருக்கட்டும்மா, ஆவும்"ங்கறாங்க. என்ன பண்ண?
- வாசகி, காட்பாடி

பதில்: அண்டால மட்டும் கை வெக்காதீங்கம்மா, பித்தளை இன்னிக்கு வாங்கற வெலையிலயா இருக்கு, உள்ள ஈயம் பூசிட்டா திரும்ப சமையலுக்கே ஆவும் (பூசாம புளிக்கொழம்பு வச்சீங்கன்னா களிம்பு ஏறிடும், ஜாக்கிரதை). வாரண்டி முடிஞ்ச மிக்ஸி பெட்டி பழைய பேப்பர்காரருக்கு. டப்பால மூடி இல்லாதத மொதல்ல தூக்குங்க, அத தேடி யாரும் வரமாட்டாங்க. போகிக்கு எரிச்சுக்கலாம்னு பிளாஸ்டிக்க சேத்து வெக்காதீங்க, பொகை ஆவாது, மக்காத குப்பைல பிரிச்சு குடுத்துடுங்க. மாமியார கீழ சேர்ல உக்கார வச்சு ஒவ்வொண்ணா காட்டி கேளுங்க, சீர்ல வந்தது எது, சும்மா சேந்தது எதுனு அவங்களுக்குத்தான தெரியும். நம்மூரு வெயில்ல மத்தியானம் பரண் ஏறாதீங்க, காலைலயே ஆரம்பிங்க.